மேட்டுக்கு ஒரு எஞ்சின்

"அதெல்லாம் போட முடியாதும்மா. சைக்கிளை எடுத்துட்டுப் போங்க."

மெக்கானிக் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. தையல்காரம்மாவுக்குச் சுருக்கென்றது. சைக்கிளில் குட்டி பெட்ரோல் எஞ்சின் பொருத்த இவரை விட்டால் ஊரிலேயே ஆள் கிடையாது என்று கேள்விப்பட்டு, மகளின் சைக்கிளை அத்தனை தூரம் தள்ளிக்கொண்டு வந்திருந்தாள்.

"ஏண்ணே, ஆசைக்கா கேக்குறேன்? பள்ளிக்கூடத்துக்குப் போற வழியில பெரிய மேடு. பாதியிலயே இறங்கி நின்னுடுறா. மூச்சு வாங்குதுன்னு ஒரே அழுகை."

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "எத்தனை நாளா?"

"ஆறு மாசமா."

"உதடு நீலமாகுதா?"

"இது என்னண்ணே, எஞ்சின் கேட்டா உதட்டைப் பத்திக் கேக்குறீங்க?"

"டாக்டர்கிட்ட காட்டுங்க. நெஞ்சுல கோளாறு இல்லைன்னு சீட்டு வாங்கிட்டு வாங்க. அப்புறம் பேசலாம்."

"நல்ல கூத்தா இருக்கே!" அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பின்சுவரில், எஞ்சின் வைத்த சின்னச் சிவப்பு சைக்கிள் ஒன்று, தூசி தும்பு இல்லாமல் மாட்டியிருந்தது. "அது மட்டும் எந்த மகாராணிக்கு? அதையாவது விலைக்குக் குடுங்க."

"அது விக்கிறதுக்கு இல்லைம்மா."

பெரிய மனுஷன்! வழியெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே போனாள். ஆனாலும் அந்த நீல உதடு மனசை அரித்தது. மறுநாள் தைக்க வேண்டியதையெல்லாம் அப்படியே போட்டுவிட்டு, மகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள்.

இரண்டு மாதம் கழித்து மறுபடியும் கடைக்கு வந்தாள். பேச்சு வருவதற்குள் அழுகை வந்துவிட்டது.

"இதயத்துல ஓட்டையாம்ணே. ஆபரேஷன் முடிஞ்சு இப்ப நல்லா இருக்கா. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா கை மீறிப் போயிருக்கும்னு சொன்னாங்க. என் வயித்துல பாலை வார்த்தீங்க. உங்களுக்கு எப்படிண்ணே தெரிஞ்சது?"

அவர் சிவப்பு சைக்கிளைப் பார்த்தார். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"என் பொண்ணும் இப்படித்தான் மேடு ஏற முடியலைன்னு அழுதா."

"ஐயோ!" அவள் பதறிப்போனாள். "அவ அழுதும் எஞ்சின் போட்டுக் குடுக்காம, அப்படியே மேடு ஏற விட்டுட்டீங்களா?"

"அழுத அன்னிக்கே போட்டுக் குடுத்தேம்மா. அதுக்கப்புறம் மேட்டுல அவளுக்கு மூச்சே வாங்கலை. சரியாயிடுச்சுன்னு நாங்க சந்தோஷமா இருந்துட்டோம்."