மங்களம் வாங்கி வந்த சிரிப்பு

பார்க்கின்சன் நோய் தெய்வநாயகத்தின் முகத்தை இறுக்கிவிட்டது. சிரிக்க நினைத்தாலும் அசையாது. அதனால் மனைவி மங்களம், கன்னத்தில் ஒட்டும் மின்பட்டை ஒன்றை வாங்கி வந்தாள். எதிரே ஆள் முகம் தெரிந்தால் அது தசையை இழுத்து அவரைச் சிரிக்க வைக்கும். ஆறு வருஷம் இருவரும் சிரித்துக்கொண்டே வாழ்ந்தார்கள்.

மங்களம் இறந்த அன்று, துக்கத்துக்கு வந்தவர்களைப் பார்த்தும் அவர் சிரித்தார்.

"வாங்கன்னு கூடச் சொல்லக்கூடாத வீட்ல பல்லக் காட்டுதீங்களே அத்தான்," என்றார் மங்களத்தின் தம்பி.

மகள் பூங்கோதை பட்டையைக் கழற்றினாள். முகம் மரமாகிவிட்டது.

பாடையைத் தூக்கப்போகும் நேரத்தில் அவர் மகளின் கையைப் பிடித்தார். "அத ஒட்டி விடும்மா."

"ஊரே பேசுதுப்பா."

"பேசட்டும். இந்த மூஞ்சியப் பாத்து உங்கம்மா அழுதது போதும். சிரிச்ச முகத்தோட அனுப்புதேன்."

ஒட்டினாள். அவர் மங்களத்தின் முன்னால் போய்க் குனிந்தார். பட்டை சும்மா இருந்தது. மூச்சில்லாத முகத்தை அது ஆளாக எடுத்துக்கொள்ளவில்லை.

"வேல செய்யலியாம்மா?" என்றார்.

பூங்கோதை தரையில் மண்டியிட்டு, அம்மாவின் கன்னத்தோடு தன் கன்னத்தைச் சேர்த்து வைத்து, அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

அப்பா சிரித்தார்.