பிரபுவின் அறிதுயில்

"கயிற்றைத் தாண்டாதீங்கம்மா. படுத்திருக்கிறது மெழுகுப் பொம்மை, கை பட்டா உருகிடும்" என்றார் வழிகாட்டி.

காட்சியகமும் விடுதியுமாக மாறிவிட்ட அந்தப் பழைய மாளிகையில், பார்வையாளர் கூட்டத்துக்காகப் பிரபுவின் பள்ளியறைக் கதவைத் திறந்ததும் அவர் வாயில் வந்த பொய் அது. அங்கிருந்த இருநூறாண்டுப் பழமையான கட்டில் காட்சிக்கு மட்டுமே உரியது. இரவு தங்குவோருக்கு மாடியில் தனி அறைகள் உண்டு. நேற்றோ அவற்றில் ஒன்றுகூட மிச்சமில்லை. இப்போது பட்டுப் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு, பாதங்களை வெளியே நீட்டியபடி, ஓர் உருவம் அங்கே துயில்கொண்டிருந்தது.

வழிகாட்டியின் சட்டைப் பையில் மேலாளர் நேற்றுக் கொடுத்த வேலைநீக்கக் கடிதம் கனத்தது. கால் கடுக்கிறதென்று இக்கட்டிலருகே உள்ள பிரபுவின் நாற்காலியில் ஐந்து நிமிடம் அமர்ந்ததுதான் குற்றம். கயிற்றுக்கு அப்பாலுள்ள எதன்மீதும் ஊழியர் உடல் படலாகாது என்பது மாளிகை விதி. பதினெட்டு ஆண்டுப் பணி இன்று மாலையோடு சரி.

"நெஞ்சு ஏறி இறங்குதே?" என்றார் குடை வைத்திருந்த அம்மையார்.

"உள்ளே மோட்டார் இருக்கும்மா."

குறட்டை எழுந்தது. மோட்டாருக்கு எண்ணெய் போட ஆள் வரச் சொல்லியிருப்பதாக வழிகாட்டி விளக்கினார். அம்மையார் விடுவதாயில்லை, குடை நுனியால் உள்ளங்காலை மெல்ல வருடினார். கால்விரல்கள் சுருங்கின. குறட்டை சட்டென்று நின்றது. துயில் அறிதுயிலாயிற்று.

"எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் சுருங்கும். ஆனா இவ்வளவு நேரம் வாயை மூடிக்கிட்டு இருக்க மாட்டார்" என்றார் அம்மையார்.

கூட்டம் சிரித்துக்கொண்டே நூலகத்துக்கு நகர்ந்தது. வழிகாட்டி கதவைச் சாத்தினார், கயிற்றைத் தாண்டினார், அதே நாற்காலியில் கால்மேல் கால் போட்டு அமர்ந்தார்.

"முதலாளியம்மா பத்து நிமிஷத்துல சுத்திப் பார்க்க வராங்க. அவங்களுக்கும் பொம்மையைக் காட்டட்டுமா, இல்ல இந்தக் கடிதத்துக்கு ஒரு வழி சொல்றீங்களா?"

போர்வைக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு கடிதத்தை வாங்கிக்கொண்டது. தம் அறையையும் விருந்தினருக்கு விட்டுவிட்டு வந்து படுத்திருந்த மேலாளர், கண்ணைத் திறவாமலே, தாம் இட்ட கையெழுத்தைத் தாமே நான்காகக் கிழித்தார்.