ராணி இருக்கும் வரை

"மேடம், இது என்ன எறும்புன்னு பார்த்துச் சொல்லுங்க. முக்கியமா, எத்தனை நாள் உயிரோட இருக்கும்? அதை முதல்ல சொல்லுங்க!"

கல்லூரிப் பூச்சியியல் துறையின் மேசைமேல் கண்ணாடிக் குழாயை வைத்தார் பஸ் டிரைவர். உள்ளே கறுப்பாக, குண்டாக ஒரு ராணி எறும்பு. பக்கத்தில் அவர் மனைவி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பரம சாதுவாக உட்கார்ந்திருந்தாள்.

"என்ன இவ்ளோ அவசரம்?" என்றார், மாணவர்கள் 'எறும்பு மேடம்' என்று கூப்பிடும் பேராசிரியை.

"மழை பெஞ்ச அன்னிக்கு டெப்போல பிடிச்சேன் மேடம். வளர்க்கணும்னு ஆசையாக் கேட்டேன். இவ என்ன சொன்னா தெரியுமா? 'இது உயிரோட இருக்கிற வரைக்கும் சிகரெட்டைத் தொடக்கூடாது, சம்மதமா?'ன்னா. எறும்புதானே, பத்து நாள்ல போய்ச் சேர்ந்துடும்னு பிள்ளைங்க மேல சத்தியம் பண்ணிட்டேன். இன்னிக்கு அறுபத்திரெண்டாவது நாள்! குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கு!"

"இருமல்கூடப் போயிடுச்சு மேடம்," என்றாள் மனைவி.

மேடம் லென்ஸை இழுத்தார். "இடுப்புல ஒரே முடிச்சு. றெக்கை உதிர்ந்த தழும்பு இருக்கு. சந்தேகமே இல்ல, கட்டெறும்பு ராணி."

"கட்டெறும்பா? பிடிக்கும்போது செவப்பா, சின்னதா இருந்த மாதிரி ஞாபகம் மேடம்."

மேடம் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "டெப்போ வெளிச்சத்துல எல்லாமே செவப்பாத்தான் தெரியும். அப்புறம், ஊட்டி வளர்த்தா உடம்பு போடாதா?"

"சரி, ஆயுசு?"

"நல்லாப் பார்த்துக்கிட்டா பத்து வருஷம். அதுக்கு மேலயும் இருக்கும்."

"பத்து வருஷமா! ஐயோ, போச்சு போங்க!"

டிரைவர் தலையில் கைவைத்துக்கொண்டு எறும்பையே முறைத்தார். கொஞ்ச நேரத்தில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"இப்பல்லாம் மாடி ஏறினா மூச்சு வாங்கறதில்ல, அது உண்மைதான். இரு மகாராணி, நீயா நானான்னு பார்த்துடலாம்!" என்றவர், "ஏம்மா, நான் வண்டியைத் திருப்பி நிறுத்தறேன், எடுத்துட்டு வா," என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

செருப்புச் சத்தம் தேய்ந்ததும் மனைவி எழுந்து கதவைச் சாத்தினாள்.

"ரொம்ப நன்றி மேடம். அவர் பிடிச்ச செவப்பு ராணி நாலாம் நாளே செத்துப்போச்சு. அன்னிக்கு நீங்க குடுத்த இதுதான் தாக்குப் பிடிக்குது," என்றவள், கைப்பையிலிருந்து காலிக் குழாய் ஒன்றை எடுத்து நீட்டினாள். "எதுக்கும் இருக்கட்டும்... இதே மாதிரி இன்னொண்ணு போட்டுக் குடுங்களேன்!"