நான்காவது சிலிண்டரின் ஈரம்

நான்காவது சிலிண்டரையும் உள்ளே குடைந்து போரிங் முடித்த லேத்துக்காரர், அதன் உட்சுவரில் சாக்பீஸ் பொடியைப் பூசிவிட்டுக் காத்திருக்கிறார். அந்தக் காலத்துக் காரின் இன்ஜின் பிளாக். பலமுறை குடைந்து சுவர் மெலிந்துவிட்டது. சுவருக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் பாதையில், கசிவு பார்க்க ஊற்றிய மண்ணெண்ணெய் நிற்கிறது. பத்து நிமிடத்துக்குள் அது கசிந்து வெள்ளை நனைந்தால் பிளாக் பழைய இரும்புதான். வேறொன்று எங்கும் கிடைக்காது. பட்டறையில் கடிகாரம் மட்டும் சத்தம் போடுகிறது. காருக்குச் சொந்தக்காரனான அவருடைய மச்சினன் டார்ச்சோடு குனிகிறான். விளிம்புக்குக் கீழே மிளகளவு ஈரம் கருக்கிறது. “அத்தான்...” அந்த இடத்தைக் காட்டுகிறான். லேத்துக்காரர் அதை விரலால் தொட்டு முகர்கிறார், மறுபடியும் முகர்கிறார். “மண்ணெண்ணெய் வாடையே இல்ல. உன் நெத்தி வேர்வைதான் மச்சான். தள்ளி நில்லு, என் உயிர வாங்காத.” மச்சினன் இரண்டடி பின்வாங்குகிறான். இன்னும் ஆறு நிமிடம் இருக்கிறது. லேத்துக்காரர் தன் நெற்றியையும் அழுத்தித் துடைத்துக்கொண்டு, டார்ச்சை வாங்கிக் குனிகிறார்.