தண்ணீர் எடுக்கப் போன வழி

ஓடை கூடாரத்தை ஒட்டியே ஓடியது.

அவள் குனிந்து கையை விட்டாள். எலும்பு வரை குளிர்ந்தது. ஒரு வாய் அள்ளிக் குடித்தாள்.

நல்ல தண்ணீர்.

நிமிர்ந்து பார்த்தாள். எதிர்ப்புறம், மேலே, சரிவு முழுக்கப் புகைந்துகொண்டிருந்தது. வெந்நீர் ஊற்றுகள் அங்கேதான். இரண்டு வருடங்களுக்கு முன் அவள் கணவன் பரணிதரன் தரை உடைந்து கொதிக்கும் சேற்றில் விழுந்ததும் அங்கேதான்.

தண்ணீர் எடுக்கப் போன இடத்தில்.

அப்படித்தான் சொன்னார்கள்.

"போன தடவையும் இங்கயேதான் தங்குனீங்களா?"

திருமூர்த்தி அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். "இதே எடந்தானுங்க, அம்மிணி."

சொன்ன பிறகுதான் அவள் கை நனைந்திருப்பதைப் பார்த்தான்.

மயிலானந்தன் எதையோ தேடுவதுபோலக் கூடாரத்துக்குள் போய்விட்டான்.

பரணியையும் சேர்த்து நான்கு நண்பர்கள். பொள்ளாச்சியிலிருந்து வருடம் ஒரு மலை. அந்த வருடம் லடாக். நான்கு பேர் போய் மூன்று பேர் திரும்பினார்கள்.

மூவரும் ஒரே வாக்கியத்தோடு திரும்பினார்கள்.

காலைல தண்ணி மொண்டுட்டு வர்றேன்னு போனான்.

அவளிடம் அதைச் சொன்னார்கள். மாமனாரிடம் சொன்னார்கள். போலீஸிலும் அதேதான். ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை.

திருமூர்த்தியும் மயிலானந்தனும் பொள்ளாச்சியிலேயே பிறந்தவர்கள். மொண்டுட்டு என்றுதான் அவர்களுக்கு வரும். ஜெயசீலன் நாகர்கோவில்காரன். பதினைந்து வருடம் பொள்ளாச்சியில் கடை வைத்திருந்தும் பேச்சு மாறாதவன். அவன் ஊரில் தண்ணீரை மொள்ள மாட்டார்கள், கோருவார்கள்.

அவனும் மொண்டுட்டு என்றான்.

யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவளுக்கு அப்போதே பட்டது.

பிறகு அது வளர்ந்தது. குடித்திருந்தார்களா? சண்டையா? விளையாட்டுக்குத் தள்ளினார்களா? தெருவில் மூவரில் ஒருவரைப் பார்த்தாலும் எதிர்ப்பக்கம் போய்விடுவாள். தீபாவளிக்கு மகளுக்கு அவர்கள் கொண்டுவந்த துணியைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினாள்.

இந்த வருடம் அவளே திருமூர்த்திக்குப் போன் செய்தாள். அந்த இடத்தைப் பார்க்கணும், கூட்டிட்டுப் போங்க.



மூன்று நாள் நடை. மூவரையும் முன்னால் விட்டே நடந்தாள். யாருக்கும் முதுகைக் காட்டவில்லை. அவள் பக்கத்தில் போனதும் அவர்கள் பேச்சு நின்றது, அவள் விலகியதும் தொடங்கியது. அவள் மூட்டையையும் தூக்குகிறோம் என்றார்கள். கொடுக்கவில்லை.

இப்போது கையைத் துடைத்துக்கொண்டு சரிவை நோக்கி நடந்தாள்.

"அங்க நெலம் சரியில்லீங்க!" திருமூர்த்தி எழுந்தேவிட்டான்.

அவள் நிற்கவில்லை.

ஜெயசீலன் ஓடிவந்து அவளைத் தாண்டி முன்னால் போனான். கம்பால் தட்டித் தட்டி நடந்தான். வழி மறிக்கிறானா, வழி காட்டுகிறானா, தெரியவில்லை. அவன் கால் வைத்த இடத்தில் கால் வைத்தாள்.

தரை வெள்ளையாகிக்கொண்டே வந்தது. உப்புப் பூத்த சுவர் மாதிரி. கம்பு பட்ட இடமெல்லாம் உள்ளே ஒன்றுமில்லாததுபோல ஒலித்தது. அழுகிய முட்டை நாற்றம். காலடியில் குழி குழியாகத் தண்ணீர் கொதித்தது. மஞ்சள் படிந்திருந்தது.

இதைப் போய் யார் மொள்ளுவார்கள்?

அரை மணி நேரம் ஏறினார்கள்.

ஜெயசீலன் நின்றான்.

கற்களை வட்டமாக அடுக்கி வைத்திருந்தார்கள். நடுவில் சேறு மெதுவாகக் குமிழியிட்டது. வட்டத்துக்கு அப்பால் ஒரு சிறிய பாறை மேடு. நடைபாதை வெள்ளைத் தரையைச் சுற்றிக்கொண்டு அந்த மேட்டுக்குப் போனது. குறுக்கே போனால் நாற்பது அடி.

அவசரக்காரன் குறுக்கேதான் போவான்.

மேட்டில் என்ன இருக்கிறது?

பாதையைச் சுற்றி அவளே ஏறினாள். ஒன்றுமில்லை. வெறும் பாறை. காற்று. பின்னால் ஜெயசீலனின் மூச்சு.

கோட்டுப் பையில் போன் அதிர்ந்தது.

மறுபடியும். மறுபடியும். மூன்று நாளாகச் செத்துக்கிடந்த போன் நிறுத்தாமல் அதிர்ந்தது. விடுதியிலிருந்து மகள் அனுப்பியவை. சாப்டியாம்மா. எங்க இருக்க. ஏம்மா பதில் இல்ல.

திரும்பிப் பார்த்தாள்.

ஜெயசீலன் பாறையில் உட்கார்ந்துவிட்டிருந்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"இங்க மட்டுந்தான் தங்கச்சி, டவர் கிட்டும்."

அவன் ஊர்ப் பேச்சு.

அவள் போனைப் பார்த்தபடியே நின்றாள்.

பரணி கிளம்பிய அன்று வீட்டில் பெரிய சண்டை. வாசல்வரை போய், எனக்கு போன் பண்ணாதீங்க என்று கத்தினாள். சொன்னதோடு நிற்கவில்லை. போனை அணைத்து அம்மா வீட்டு பீரோவுக்குள் துணிகளுக்கடியில் வைத்தாள். ஐந்தாம் நாள் மனம் இளகி எடுத்தாள். திரை வெளிச்சமானதும் வந்த முதல் அழைப்பு திருமூர்த்தியுடையது.

அணைத்து வைத்திருந்ததை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அவளிடமிருந்து அதை மறைக்கத்தான் அந்தத் தண்ணீர்க் கதை.

கீழே, கூடாரத்துக்கு வெளியே, இரண்டு உருவங்கள் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றன.

அவள் மேட்டிலிருந்து ஓரடி இறங்கி அவன் எதிரில் உட்கார்ந்தாள். 

"எத்தன தடவண்ணா ஏறி வந்தாரு?"

 ஜெயசீலன் கம்பைக் கீழே வைத்தான். கையுறையைக் கழற்றினான்.

ஒரு விரல் எழுந்தது.

இன்னொன்று.

மூன்றாவது எழும்பும் முன் அவள் அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்து மூடினாள்.