ஐஸில் வந்த ரத்தம்

விளக்கை அணைத்துவிட்டு மைக்ராஸ்கோப்பைத் திருகுகிறார் ஆய்வாளர் பிரகதீஸ்வரி. குழந்தையின் ரத்த செல்களுக்குள் அந்த ஒரு நொதி வேலை செய்தால், ஊற்றிய சாயம் திரையில் பச்சையாக ஒளிரும். அந்த நொதி இல்லாமல்தான் இதன் அண்ணன் இரண்டு வயதில் இறந்துபோனான். திரை கறுப்பாகவே இருக்கிறது. ஏசி உறுமுகிறது. செவுளைப் புரட்டியே மீன் பிடித்து எத்தனை நாள் என்று சொல்லிவிடும் மணமேல்குடி வியாபாரி குணசேகரன், இங்கே எதைப் புரட்டுவதென்று தெரியாமல் விரல்களைப் பிசைகிறார். அவருடைய அக்கா மகளும் மனைவியுமான பரிமளா, தூங்கும் பத்து மாதப் பிள்ளையை இறுக்கிக்கொள்கிறாள். “கொஞ்சமாச்சும் தெரியுதாங்க மேடம்?” ஒப்பிடுவதற்காகக் கூடவே வந்த குணசேகரனின் ரத்தத்தை வைக்கிறார் பிரகதீஸ்வரி. அதுவும் கறுப்பு. “ஊருலேருந்து எப்படிங்க கொண்டாந்தீங்க?” “ஊரு ஆஸ்பத்திரியிலேயே எடுத்து, ஐஸை நொறுக்கி, நடுவுல பொதச்சு. நம்ம சரக்கு கெட்டுச்சுன்னு ஒருத்தன் சொன்னதில்லைங்க.” “இது மீன் இல்லைங்க. உசுரோட வந்தாத்தான் செல்லு வேலை செய்யும். ஒங்களுக்கு நோயே இல்ல, ஒங்களதும் இருட்டாத்தானே இருக்கு? ரெண்டும் ஐஸுல செத்துப்போச்சு. இப்பவே புதுசா எடுத்துப் பாத்துருவோம்.” தன் சரக்கு கெட்டதற்காக வாழ்நாளில் முதல்முறையாகச் சிரிக்கிறார் குணசேகரன். பிரகதீஸ்வரி ஊசியின் உறையைப் பிரிக்கிறார். பரிமளா பிள்ளையின் கையைச் சேலைக்குள் மறைக்கிறாள். “வேணாம் மாமா, வீட்டுக்குப் போயிருவோம். இந்த நிமிசம் வரைக்கும் இவனுக்கு ஒண்ணுமில்ல.”