மாப்பிள்ளை வீடு பார்த்தல்

"எதுவும் தென்படவில்லை!" என்று தொலைநோக்கி மூன்றாவது முறையாக அலறியது.

தமயந்திக்கு எரிச்சல் தாங்கவில்லை. அவளுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை வெஸ்டா சிறுகோளில் குடியிருக்கிறான். பெண்ணின் அப்பா மாப்பிள்ளை வீட்டைக் கண்ணால் பார்த்த பிறகுதான் சம்மதம் சொல்வது குடும்ப வழக்கம், வீடியோ செல்லாது. மொட்டை மாடியிலிருந்தாவது பார்க்கலாம் என்றால், மூன்று நாளாக வெஸ்டா என்ற அந்தப் புள்ளி சிக்கவில்லை.

"மாப்பிள்ளைக்கு வீடே இல்லையான்னு அத்தை கேலி பண்றாங்கப்பா!" என்றாள் பக்கத்தில் நின்ற அப்பாவிடம்.

தொலைநோக்கியின் அமைப்புகளைத் திறந்தாள். செயற்கைக்கோள்களின் தொல்லைக்காக வைத்திருந்த 'நகரும் புள்ளிகளை மறை' இயங்கிக்கொண்டிருந்தது. வானில் மெல்ல நகரும் வெஸ்டாவையும் அது மறைத்துவிடும். முதல் நாளே அவள் அதை அணைத்திருந்தாள்.

"அப்பா, இதை மறுபடி நீங்களா போட்டீங்க?"

சங்கரலிங்கம் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

"வீட்டைப் பாத்துட்டா, உன்னை அனுப்பி வைக்கணுமேம்மா."